சயாட்டிகா வலி: ஸ்கேனுக்கு முன் காலைப் படியுங்கள்

கேள்வி: என் அண்ணனுக்கு 38 வயது. குட்டி யானை ஓட்டுகிறார், சரக்கையும் அவரே ஏற்றி இறக்குவார். ஐந்து வாரமாக இடது பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்பக்கம், கெண்டைக்காலின் வெளிப்பக்கம் வழியாகப் பெருவிரல் வரை சுளீரென்று இழுக்கிறது. இருமினால் ஷாக் அடிக்கிறது என்கிறார். எம்ஆர்ஐயில் மூன்று இடங்களில் டிஸ்க் பிதுங்கியிருப்பதாக எழுதியிருக்கிறார்கள். ஒரு டாக்டர் ஆபரேஷன் என்கிறார். உறவினர் ஒருவர், நரம்பு சுருண்டிருக்கிறது, நீவிவிட்டால் போதும் என்கிறார். இடுப்பில் கோளாறு என்றால் கால் ஏன் வலிக்கிறது? இதெல்லாம் எதனால் வருகிறது? எதை நம்புவது?

பதில்:

நான் பிசியோதெரபிஸ்ட், அறுவை மருத்துவர் இல்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பயன்பட்டது எம்ஆர்ஐ பற்றிய வரி அல்ல. "கெண்டைக்காலின் வெளிப்பக்கம் வழியாகப் பெருவிரல் வரை" என்று எழுதினீர்களே, அதுதான். எந்த நரம்பு வேரில், அதாவது நரம்பு முதுகெலும்பிலிருந்து கிளம்பும் எந்த இடத்தில், சிக்கல் என்பதை அந்த ஒரு வரி ஏறக்குறைய சொல்லிவிடுகிறது. ரிப்போர்ட்டில் உள்ள மூன்று பிதுக்கங்களில் எது குற்றவாளி, எவை சும்மா நிற்பவை என்பதையும் அதை வைத்துத்தான் பிரிக்க முடியும்.

முதலில், கால் ஏன் வலிக்கிறது என்பது. முழங்கையின் உள்பக்கத்தைக் கதவில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை விறுவிறுவென்று ஓடும், கவனித்திருப்பீர்கள். விரலுக்கு எதுவும் ஆகவில்லை. விரலிலிருந்து செய்தி கொண்டுபோகும் நரம்பு முழங்கையில் அடிபட்டது, மூளையோ அதை விரலில் நடந்ததாகவே கணக்கெழுதிக்கொள்கிறது. சயாட்டிகா என்று சொல்லும் இந்தக் கால் நரம்பு வலியில் நடப்பதும் இதேதான். கால் நரம்பு முதுகெலும்பை விட்டு வெளியேறும் வாசலில் தொந்தரவு, வலி தெரிவது அந்த நரம்பு போய்ச் சேரும் காலில். அதனால்தான் கெண்டைக்காலில் எவ்வளவு தைலம் தேய்த்தாலும் வலி அசைவதில்லை.

சயாட்டிக் நரம்பு நம் உடம்பிலேயே மிகத் தடிமனான நரம்பு. கீழ்முதுகின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளை ஒட்டியும், அதற்குக் கீழே உள்ள திரிக எலும்பின் முதல் மூன்று துளைகள் வழியாகவும் வரும் வேர்கள் சேர்ந்து அது உருவாகிறது. மருத்துவர்கள் இவற்றை எல்-4, எல்-5, எஸ்-1, எஸ்-2, எஸ்-3 என்பார்கள். சேர்ந்த நரம்பு இடுப்பெலும்பின் பின்புற இடைவெளி வழியாக வந்து, பிட்டத்துக்குள் இருக்கும் பிரிஃபார்மிஸ் என்ற சிறு தசைக்கு அடியில் புகுந்து, தொடையின் பின்பக்கமாக இறங்குகிறது. முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிந்து பாதம் வரை போகிறது. இவ்வளவு நீளத்தில் எங்கே வேண்டுமானாலும் அது அகப்படலாம். ஆனால் பத்தில் ஒன்பது பேருக்கு அகப்படுவது தொடக்கத்திலேயே, முதுகெலும்புக்குப் பக்கத்தில், டிஸ்க்கினால். அதிலும் பெரும்பாலும் (எலும்புகளுக்கும் இதே பெயர்கள்தான்) எல்-4க்கும் எல்-5க்கும் இடையிலோ, எல்-5க்கும் எஸ்-1க்கும் இடையிலோதான். உடம்பின் பாரமும் குனிந்து நிமிரும் அசைவும் அதிகம் விழும் இடங்கள் அவை.

டிஸ்க்கை நம் ஊரில் ஜவ்வு என்பார்கள். "ஜவ்வு விலகிடுச்சு" என்று கேட்டால் ஏதோ தட்டு ஒன்று இடம் நழுவிவிட்டது போலவும், யாராவது தட்டி உள்ளே தள்ளிவிடலாம் போலவும் தோன்றும். டிஸ்க் அப்படி நழுவுவதில்லை. மேலே கீழே உள்ள முள்ளெலும்புகளோடு அது இறுக ஒட்டியிருக்கிறது. நுங்கைப் போல உள்ளே நீர்ச்சத்துள்ள மெத்தென்ற பகுதி, சுற்றிலும் நார் நாராகப் பின்னிய கெட்டியான வளையம். அந்த வளையத்தில் பின்பக்கம் விரிசல் விழுந்தால் உள்ளே இருக்கும் கூழ் அதன் வழியே பிதுங்குகிறது, சிலருக்கு வெளியே வந்தேவிடுகிறது. சரியாக நடுவில் வலுவான தசைநார் ஒன்று தடுப்பதால் பெரும்பாலும் பக்கவாட்டில் பிதுங்கும். நரம்பு வேர் இறங்கிப் போவதும் அந்தப் பக்கவாட்டில்தான்.

இதில் வயதின் பங்கு வேடிக்கையானது. சயாட்டிகா கிழவர்களின் நோய் என்று நினைப்போம். டிஸ்க் பிதுங்கி வரும் சயாட்டிகா அதிகம் பிடிப்பது 30 முதல் 50 வயதுக்குள் இருப்பவர்களை. அந்த வயதில் வளையத்தில் தேய்மானம் தொடங்கியிருக்கும், உள்ளே கூழ் இன்னும் அழுத்தத்தோடு இருக்கும். எழுபது வயதில் கூழ் காய்ந்துவிடுவதால் பிதுங்குவதற்கு அதிகம் இருக்காது. அப்போது வரும் கால்வலிக்குக் காரணம் வேறு, அதைக் கீழே சொல்கிறேன்.

வளையம் ஏன் கிழிகிறது? "மூட்டையைத் தூக்கினேன், டக்கென்று பிடித்தது" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அந்த மூட்டை கடைசி உதை மட்டுமே. டிஸ்க்குக்கு நேரடி இரத்த ஓட்டம் கிடையாது. பக்கத்து எலும்பிலிருந்து ஊறி வரும் சத்தை வைத்தே அது வாழ்கிறது, அதனால் அடிபட்டால் ஆறுவதும் மெதுவாகத்தான். புகைபிடிப்பது, உடல் எடை, உயரம், பரம்பரை எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. பரம்பரையின் பங்கு நாம் நினைப்பதைவிடப் பெரியது என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஃபின்லாந்து ஆய்வுகள் காட்டின. உங்கள் அண்ணனின் வேலையில் இன்னொன்றும் இருக்கிறது. மணிக்கணக்கில் வண்டி அதிர்வில் முதுகு வளைந்து உட்கார்ந்திருப்பது, இறங்கிய கையோடு சிமெண்ட் மூட்டையைப் பிடித்து உடம்பைத் திருப்பியபடி தூக்குவது. இரண்டும் தனித்தனியாக இருந்தால் முதுகு பொறுத்துக்கொள்ளும். ஒன்றன்பின் ஒன்றாக வருவதுதான் மோசமான கூட்டணி.

அடுத்து, பலர் தவறவிடும் பகுதி. பிதுங்கிய டிஸ்க் நரம்பை அமுக்குவதால் வலிக்கிறது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் வெறும் அமுக்கம் தருவது பெரும்பாலும் மதமதப்பும் பலவீனமும்தான். வலி வர நரம்பு வேர் அழன்று வீங்கியிருக்க வேண்டும். 1991-இல் அமெரிக்க மருத்துவர்கள், முழு மயக்கம் கொடுக்காமல் இடத்தை மட்டும் மரக்கவைத்து முதுகு அறுவை செய்த 193 பேரின் அனுபவத்தை வெளியிட்டார்கள். அறுவையின்போது ஒவ்வொரு திசுவாகத் தொட்டு, எங்கே வலிக்கிறது என்று நோயாளியிடமே கேட்டிருக்கிறார்கள். நல்ல நிலையில் இருந்த நரம்பு வேரைத் தொட்டால் அவருடைய கால்வலி வரவில்லை. அழன்றிருந்த வேரைத் தொட்டால் அதே பழைய வலி அப்படியே வந்தது. 1993-இல் ஸ்வீடனில் பன்றிகளின் நரம்பு வேரில் டிஸ்க்கின் கூழை வெறுமனே வைத்துப் பார்த்தார்கள், எதையும் அமுக்கவில்லை. அப்படியும் நரம்பின் செயல்பாடு குறைந்தது. கூழில் உள்ள இரசாயனங்களே நரம்பை எரிச்சல்படுத்தப் போதும் என்று தெரிந்தது.

உங்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், பிதுக்கம் எத்தனை மில்லிமீட்டர் என்பதற்கும் வலி எவ்வளவு என்பதற்கும் நேர்விகிதம் கிடையாது. சின்னப் பிதுக்கம் ஒருவரைத் துடிக்கவைக்கும். பெரிய பிதுக்கத்தோடு இன்னொருவர் ஆடிப்பெருக்குக்கு ஊர் போய் வருவார். அழற்சி தணிந்துவிட்டால் பிதுக்கம் அங்கேயே இருந்தாலும் வலி போய்விடும்.

இப்போது எம்ஆர்ஐக்கு வரலாம். முதுகுவலியோ கால்வலியோ இல்லாதவர்களை ஸ்கேன் செய்த 33 ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வந்தது, மொத்தம் 3,110 பேர். வலியே இல்லாத 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. 80 வயதில் 84 விழுக்காடு. டிஸ்க் தேய்மானம் 20 வயதிலேயே 37 விழுக்காட்டினருக்கு. ஆகவே 38 வயது லோடு வண்டி ஓட்டுநரின் ஸ்கேனில் மூன்று பிதுக்கம் என்பது தலைமுடி நரைத்திருக்கிறது என்பதைவிட அதிகம் பயமுறுத்த வேண்டிய செய்தி அல்ல. ரிப்போர்ட் எழுதுகிறவர் படத்தை மட்டுமே பார்க்கிறார், காலைப் பார்க்கவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் எழுதுவது அவர் கடமை, அதைக் குறை சொல்ல முடியாது. அந்தத் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு, காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் தேதி குறிப்பதைத்தான் குறை சொல்ல வேண்டும்.

காலைப் படிப்பது எப்படி? எல்-5 வேர் என்றால் வலி கெண்டைக்காலின் வெளிப்பக்கம் இறங்கி, பாதத்தின் மேற்புறம் வழியாகப் பெருவிரலுக்கு வரும். மதமதப்பும் அங்கேதான். பெருவிரலை மேல்நோக்கித் தூக்கும் பலம் குறையும், குதிகாலில் நடக்கச் சொன்னால் முன்பாதம் தாழும். எஸ்-1 வேர் என்றால் கெண்டைக்காலின் பின்பக்கம் இறங்கி, உள்ளங்கால், பாதத்தின் வெளியோரம், சுண்டுவிரல். முன்விரல்களில் எம்பி நிற்க முடியாது. குதிகால் நாணில் சுத்தியலால் தட்டினால் பாதம் துள்ளாது. எல்-4 என்றால் வலி தொடையின் முன்பக்கம், முழங்கால், கணுக்காலின் உள்பக்கம் என்று வேறு பாதை பிடிக்கும். எல்-4, எல்-5 முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க் வழக்கமாகத் தொடுவது எல்-5 வேரை. உங்கள் அண்ணனின் வலி போகும் பாதை அதுதான். ரிப்போர்ட்டில் அந்த டிஸ்க் இடப்பக்கமாகப் பிதுங்கியிருப்பதாக இருந்தால் கணக்கு பொருந்துகிறது. மற்ற இரண்டையும் மறந்துவிடலாம்.

மருத்துவர் மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை நீட்டியபடி மேலே தூக்குவது இதை உறுதிப்படுத்தத்தான். சுமார் 30 முதல் 70 பாகைக்குள் முழங்காலுக்குக் கீழே சுளீரென்று இறங்கினால் நரம்பு இழுபடுகிறது என்று பொருள். தொடையின் பின்பக்கம் மட்டும் இழுத்தால் அது வெறும் தசை இறுக்கம், பலருக்கு அப்படித்தான் இருக்கும். வலி இல்லாத காலைத் தூக்கும்போது வலிக்கும் காலில் இழுத்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. இருமல், தும்மல், மலம் கழிக்க முக்குவது ஆகியவை முதுகெலும்புக் குழாய்க்குள் அழுத்தத்தைக் கூட்டுகின்றன. அண்ணனுக்கு இருமினால் ஷாக் அடிப்பதும் டிஸ்க்கையே காட்டுகிறது.

இந்தப் புரிதல் எல்லாம் ஒரே நாளில் வந்ததல்ல. ஆயுர்வேதத்தில் கிருத்ரசி என்று இதைத் தனி நோயாகவே விவரித்திருக்கிறார்கள். நேப்பிள்ஸ் நகர மருத்துவர் டொமெனிகோ கொட்டுன்யோ 1764-இல் எழுதிய நூலில், இடுப்பு மூட்டின் வலி வேறு, நரம்பு வழியாக இறங்கும் வலி வேறு என்று பிரித்துக் காட்டினார். டிஸ்க்தான் பெரும்பாலான நேரத்தில் காரணம் என்பது நிலைபெற்றதோ 1934-இல், பாஸ்டனைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்களின் கட்டுரைக்குப் பிறகு. அதுவரை அறுவையில் வெளியே எடுத்த டிஸ்க் துண்டுகளைக் குருத்தெலும்புக் கட்டி என்றே பெயரிட்டு வைத்திருந்தார்கள். அந்தக் கட்டுரைக்குப் பின் ஊசல் மறுபக்கம் போய்விட்டது. டிஸ்க்கைப் பார்த்தாலே எடு என்ற மனநிலையின் மிச்சம் இன்றும் சில அறைகளில் இருக்கிறது.

டிஸ்க் அல்லாத காரணங்களையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் படிக்கும் எல்லோருக்கும் 38 வயது இருக்காது.

அறுபதைத் தாண்டியவர்களுக்கு முதுகெலும்புக் குழாயே குறுகிவிடும். டிஸ்க் தட்டையாகி, மூட்டுகள் புடைத்து, தசைநார் தடித்து நரம்புகளுக்கு இடமில்லாமல் போகும். இவர்களின் அடையாளம் நடை. தெருமுனை வரை போவார்கள், கால்கள் கனத்து மரத்துவிடும், எங்காவது உட்கார்ந்து முன்னால் குனிந்தால் சில நிமிடங்களில் சரியாகிவிடும். நடக்க முடியாதவர் சைக்கிள் மிதிப்பார், வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். குனியும்போது குழாய் சற்று விரிவதால் அப்படி. இதே போல நடந்தால் வலித்து, குனியாமல் சும்மா நின்றாலே குறைந்தால் அது நரம்பு அல்ல, காலுக்குப் போகும் இரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். பீடி, சிகரெட் பழக்கமும் சர்க்கரையும் உள்ளவர்களிடம் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். முள்ளெலும்பு ஒன்று அடுத்ததன் மேல் முன்னோக்கிச் சறுக்குவதும் வேரை நெருக்கும், ஐம்பது தாண்டிய பெண்களிடம் இதை அதிகம் பார்க்கலாம்.

பிரிஃபார்மிஸ் தசை நரம்பைப் பிட்டத்துக்குள் நெருக்குவது பற்றி இணையத்தில் அளவுக்கு மீறிப் பேசுகிறார்கள். உண்டுதான், ஆனால் குறைவு. முதுகில் வலியே இல்லாமல், பிட்டத்தின் நடுவில் அமுக்கினால் வலித்து, உட்கார்ந்தால் மட்டும் காலில் இறங்கினால் யோசிக்கலாம். பின்பாக்கெட்டில் தடித்த பர்ஸ் வைத்து நாளெல்லாம் ஓட்டுபவர்கள் அதை எடுத்துவிட்டுப் பார்ப்பதில் செலவில்லை.

நம் நாட்டில் மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டிய காரணங்கள் சில உண்டு. முதலாவது, பிட்டத்தில் போடும் ஊசி. சயாட்டிக் நரம்பு பிட்டத்தின் உள்-கீழ்ப் பகுதி வழியாகப் போகிறது. அதனால்தான் பிட்டத்தை நான்காகப் பிரித்து, வெளி-மேல் பகுதியில் மட்டும் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். இடம் தவறினால், குறிப்பாகச் சதை குறைந்த குழந்தைகளுக்கு, ஊசி போட்ட கையோடு கால் சுளீரென்று இழுத்துப் பாதம் தொங்கிவிடும். காய்ச்சலுக்கு எங்கே வேண்டுமானாலும் போய் ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அதன் விலை இது. இரண்டாவது, முதுகெலும்புக் காசநோய். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, படுத்தாலும் விடாத இரவு வலி இருந்தால் "டிஸ்க்" என்று பெல்ட் போட்டு மாதங்களைக் கடத்தக் கூடாது. மூன்றாவது, சர்க்கரை. சர்க்கரையால் வரும் நரம்புக் கோளாறு பெரும்பாலும் இரண்டு பாதங்களிலும் ஒரே மாதிரி எரிச்சலாகவும் மதமதப்பாகவும் தொடங்கும், செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பார்கள். ஒரு காலில் மட்டும் கோடு போட்டது போல இறங்குவது சயாட்டிகா. இரண்டும் ஒருவருக்கே இருப்பதும் சாதாரணம். சர்க்கரைக்காரருக்குத் திடீரென ஒரு தொடையில் கடும் வலி வந்து, தொடை மெலிந்து, எடையும் இறங்கினால் அது வேறொரு நரம்பு நோய், நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும்.

இடுப்பு மூட்டுத் தேய்மானத்தையும் சயாட்டிகா என்று சொல்லி வருவார்கள். கவட்டையில் வலி, சம்மணமிட முடியவில்லை என்றால் மூட்டைப் பாருங்கள். கோடு போல வலி வந்து சில நாளில் அதே கோட்டில் கொப்புளம் எழும்பினால் அது அக்கி.

இனி, வைத்தியம். பிதுங்கியதில் பெரும்பகுதியை உடம்பே தின்றுவிடுகிறது, இதைப் பலரிடம் யாரும் சொல்வதில்லை. வெளியே வந்த கூழை அந்நியப் பொருளாகக் கண்டு வெள்ளணுக்கள் கரைக்கின்றன. விந்தை என்னவென்றால், எவ்வளவு வெளியே வந்திருக்கிறதோ அவ்வளவு நன்றாகக் கரையும். முற்றிலும் துண்டாகி விழுந்தவற்றில் 96 விழுக்காடு சுருங்கியதாகவும், வளையத்துக்குள்ளேயே இருக்கும் லேசான பிதுக்கத்தில் 13 விழுக்காடுதான் அப்படிச் சுருங்கியதாகவும் 2015-இல் வந்த தொகுப்பாய்வு ஒன்று சொல்கிறது. ரிப்போர்ட்டில் பயங்கரமாகத் தெரியும் சொல் சில நேரம் நல்ல சகுனம்.

ஆபரேஷன் பற்றிய கேள்விக்கு நெதர்லாந்தில் 283 பேரை வைத்து நடந்து 2007-இல் வெளியான ஆய்வு நல்ல பதில் தருகிறது. 6 முதல் 12 வாரம் வரை கடும் சயாட்டிகாவோடு இருந்தவர்களில் ஒரு பாதிக்கு உடனே அறுவை, மறுபாதிக்குப் பொறுத்திருந்து, தேவைப்பட்டால் அறுவை. உடனே அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கால்வலி வேகமாகப் போனது. ஓராண்டு முடிவில் இரு பக்கமும் 95 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள். பொறுத்திருந்த பிரிவில் 39 விழுக்காட்டினர் இடையில் அறுவைக்குப் போனதும் உண்மை. ஆக, அறுவை என்பது ஏமாற்று வேலை அல்ல, கட்டாயமும் அல்ல. வாரங்களை மிச்சப்படுத்த ஒரு வழி. அன்றாடக் கூலியில் குடும்பம் ஓட்டுபவருக்கு அந்த வாரங்கள் பெரிய விஷயம்தான். அதனால் அறுவையைத் தேர்ந்தெடுப்பவரை நான் முட்டாள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்தாவது வாரத்தில், பலவீனம் இல்லாத காலுக்கு, அவசரம் என்று யாராவது சொன்னால் இரண்டாவது கருத்து கேளுங்கள். அறுவை கால்வலிக்குத்தான் நன்றாக வேலை செய்கிறது, முதுகுவலிக்கு அவ்வளவாக இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

மாத்திரைகளில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். "நரம்பு மாத்திரை" என்று நம் ஊரில் தாராளமாக எழுதப்படும் பிரிகாபலின், சயாட்டிகாவில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை, தலைசுற்றல்தான் அதிகம் என்று 2017-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதல் 2020-இல் அதைச் சயாட்டிகாவுக்குத் தரவேண்டாம் என்றே சொல்லிவிட்டது. வண்டி ஓட்டுபவருக்குத் தலைசுற்றல் சாதாரண விஷயமல்ல. ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சட்டென்று நிறுத்தாமல், டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். வலி நிவாரணிகள் முதல் சில நாட்களைக் கடத்த உதவும், மருந்துக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் போட்டுக்கொண்டால் வயிறும் சிறுநீரகமும் கெடும். முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசி சிலருக்குச் சில வாரம் ஆறுதல் தரும், நீண்டகாலக் கணக்கை அது மாற்றுவதில்லை.

நீவுவது பற்றி. நரம்பு சுருள்வதில்லை, நீவி நேராக்க அங்கே எதுவும் இல்லை. வலியால் இறுகிய தசைக்கு இதமான எண்ணெய்த் தேய்ப்பும் வெந்நீர் ஒத்தடமும் சுகம் தரும், அதைத் தாராளமாகச் செய்யலாம். காலால் பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு விடும் என்று நம்புகிற ஊர்கள் உண்டு. சாதாரண இடுப்புப் பிடிப்பு எப்படியும் சில நாளில் போய்விடும் என்பதால் அந்தப் புகழ் நிலைக்கிறது. நரம்பு வேர் அழன்றிருக்கும்போது முதுகில் ஏறி மிதிப்பதும், முறுக்கி "டக்" சத்தம் வரவைப்பதும் வேண்டவே வேண்டாம்.

முழு ஓய்வும் வேண்டாம். சயாட்டிகா நோயாளிகளை இரண்டு வாரம் படுக்கவைத்துப் பார்த்த ஆய்வு 1999-இல் வந்தது. படுத்தவர்கள் படுக்காதவர்களைவிடச் சீக்கிரம் தேறவில்லை. வலி தாங்க முடியாத ஓரிரு நாள் படுக்கலாம், வெறுந்தரையில் படுக்க வேண்டும் என்ற தண்டனை தேவையில்லை. பக்கவாட்டில் படுத்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்தால் பலருக்குத் தூக்கம் வரும். பிறகு பத்து நிமிடம், பத்து நிமிடமாக நடக்கட்டும். சில வாரங்களுக்கு இந்தியக் கழிப்பறையில் குந்துவதையும், தரையில் நெடுநேரம் உட்கார்வதையும், காலையில் எழுந்தவுடன் குனிந்து குடம் தூக்குவதையும் தவிர்க்கட்டும்.

பயிற்சியில் ஒரு நுணுக்கம். குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி மார்பை மெல்லத் தூக்கும்போது கால்வலி பாதத்திலிருந்து மேலேறித் தொடைக்கும் பிட்டத்துக்கும் வந்தால், முதுகில் சற்று வலி கூடினாலும் அது நல்ல அறிகுறி. அந்தத் திசை அவருக்கு ஒத்துப்போகிறது. மாறாக வலி இன்னும் கீழே இறங்கினால் உடனே நிறுத்த வேண்டும். யூடியூபில் பார்த்து எல்லோரும் ஒரே பயிற்சி செய்வது இதனால்தான் ஆபத்து. குழாய் குறுகிய தாத்தாவுக்கு இதே பயிற்சி வலியைக் கூட்டும்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள் உண்டு. வலி இரண்டு கால்களுக்கும் பரவுவது, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் தேங்குவது அல்லது தெரியாமல் கசிவது, மலம் கட்டுப்படாதது. இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே, இரவானாலும், முதுகெலும்பு அறுவை வசதியுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். தண்டுவடத்துக்குக் கீழே குதிரைவாலாகத் தொங்கும் நரம்புக் கொத்து மொத்தமாக நசுங்குகிறது என்று பொருள். மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய விஷயம், தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். கேட்க வெட்கப்பட்டு இதை மறைப்பவர்கள் நிறைய, அதனால் நீங்களே கேட்டுவிடுங்கள்.

அதற்கு அடுத்தபடி, பாதத்தின் பலம். அண்ணனை வெறுங்காலோடு குதிகாலில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். பிறகு உட்காரவைத்து, இரண்டு பெருவிரல்களையும் மேலே தூக்கச் சொல்லி, உங்கள் விரலால் கீழே அழுத்திப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு எதிர்த்தால் நிம்மதி. வாரத்துக்கு இரண்டு முறை இதையே திரும்பப் பாருங்கள். இடது பெருவிரல் தாழ்ந்தாலோ, நடக்கும்போது முன்பாதம் தரையில் தட்டினாலோ, அந்த வாரமே அறுவை மருத்துவரிடம் போக வேண்டும், அப்போது ஆபரேஷன் என்பது வேறு பேச்சு. இடது கால் கிளட்ச் கால் என்பதால் அந்த நிலையில் அவர் வண்டியை எடுக்கவே கூடாது.

பலம் அப்படியே இருந்து, வலியும் வாரத்துக்கு வாரம் கொஞ்சமாவது பாதத்திலிருந்து மேலே நகர்ந்து குறைகிறது என்றால், பன்னிரண்டு வாரம் வரை பொறுக்க எனக்குத் தயக்கமில்லை. அதுவரை டாக்டரைப் பார்க்கும்போது "ஸ்கேன் எப்படி இருக்கிறது" என்று கேட்காதீர்கள். "என் காலில் இருக்கும் வலிக்கு இந்த மூன்றில் எது காரணம், பெருவிரல் பலம் போன தடவைக்கு இப்போது எப்படி" என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர் எழுந்து வந்து காலைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.